எலிக்குச் சரியாயிடுச்சு... எங்க பெரியம்மாவுக்கு?

முதலிலேயே ஒரு டிஸ்கி. இது "கஞ்சா நல்லதா கெட்டதா" என்று பட்டிமன்றம் நடத்தும் பதிவு இல்லை. யாராவது கஞ்சா புகழ் பாட வந்திருந்தால் மன்னிக்கவும். கஞ்சா என்ற பெயரைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிற நல்லவர்களும் மன்னிக்கவும். இரண்டு கோஷ்டிக்கும் இன்றைக்கு அர்ச்சனை உண்டு :-)

எங்கள் ஊர் பள்ளிப்பட்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் கடைசி மூலை. கொஞ்சம் தள்ளிப் போனால் ஆந்திரா. தெருவுக்குத் தெரு விசைத்தறி சத்தம். கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். இந்த எல்லை ஊர்களில் கஞ்சா என்றால் ஒரே அர்த்தம்தான்: செக்போஸ்ட், பையை உதறச் சொல்லும் போலீஸ், மறுநாள் பேப்பரில் போட்டோ. 2021 டிசம்பரில் தமிழ்நாடு போலீஸ் "ஆபரேஷன் கஞ்சா வேட்டை" ஆரம்பித்த பிறகு கேட்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு அம்பது வயசு பெரியம்மா, தினமும் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு நாக்குக்கு அடியில் கஞ்சா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? எங்கள் பெரியம்மாதான்.

மார்பகப் புற்றுநோய். இரண்டாம் நிலை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் கீமோ ஆரம்பித்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கட்டியைச் சுருக்க ஆறு தடவை போட வேண்டும் என்று சொன்னார்கள். காலையில் பஸ் பிடித்துத் திருத்தணி, அங்கிருந்து ரயில், திரும்பி வரும்போது வழியெல்லாம் வாந்தி. இரண்டு தடவை போனதிலேயே முடியெல்லாம் கொட்டி, ஆள் பாதியாகிவிட்டார். ஆனால் கட்டி சுருங்கியிருந்தது. அதை டாக்டரே தொட்டுப் பார்த்துச் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு (பெரியம்மா பையன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை) வாட்ஸப்பில் அந்தச் செய்தி வந்தது. "கஞ்சா எண்ணெய் கேன்சர் செல்களை மட்டும் தேடித் தேடி அழிக்கும். 1974லேயே அமெரிக்கா கண்டுபிடித்துவிட்டது. மருந்து கம்பெனிகள் மறைக்கின்றன. பகிரவும்." கூடவே ஒரு வீடியோ, ஒரு ஆர்டர் லிங்க். ஆன்லைனில் ஒரு "ஆலோசகர்" பத்து நிமிஷம் பேசினார். பாட்டில் 4,500 ரூபாய். "கீமோ போட்டால் இது வேலை செய்யாது, கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள்" என்று அந்த ஆலோசகர் சொன்னதாக அண்ணன் சொல்கிறார்.

நிறுத்திப் பார்த்தார்கள். மூன்றாவது, நான்காவது கீமோ இரண்டும் போயின. ஆறு வாரம்.

பெரியம்மாவுக்கு வாந்தி நின்றது, சாப்பிட ஆரம்பித்தார், முகம் தெளிந்தது. எல்லோரும் "பாத்தியா, எண்ணெய் வேலை செய்யுது" என்றார்கள். கீமோவை நிறுத்தினால் வாந்தி நிற்காமல் என்ன செய்யும்? ஆறாவது வாரம் குளிக்கும்போது அவரே கண்டுபிடித்தார். சுருங்கியிருந்த கட்டி மறுபடி பழைய சைஸுக்கு வந்திருந்தது.

என்னை ஊருக்கு வரச் சொல்லி பெரியம்மா கேட்ட கேள்வி இதுதான்: "ஏம்பா, நீ பயோடெக்னாலஜி படிக்கிறியே, இது நெசமாவே எலிக்கு சரியாச்சா, இல்ல அதுவும் பொய்யா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

புருடா நம்பர் 1: "1974லேயே கண்டுபிடித்து மறைத்துவிட்டார்கள்"

எலிக்குச் சரியாச்சா? உண்மைதான் பெரியம்மா, முழுசாகச் சரியாகவில்லை, ஆனால் கட்டி மெதுவாக வளர்ந்தது. வர்ஜீனியா மருத்துவக் கல்லூரியில் மன்சன் என்பவரும் அவருடைய குழுவும் நுரையீரல் கட்டி வைத்த எலிகளுக்குக் கஞ்சாச் செடியின் வேதிப்பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். டி.எச்.சி (போதை தருகிற சமாச்சாரம் இதுதான்) கொடுத்த எலிகளில் கட்டி வளரும் வேகம் குறைந்தது. கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தபோது எலிகள் சராசரியாக 36 சதவீதம் கூடுதல் நாள் உயிர் வாழ்ந்தன.

இதை மறைத்தார்களா? 1975ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சொந்த ஆராய்ச்சி இதழிலேயே அச்சடித்து வெளியிட்டார்கள். அரசாங்கம் மறைக்க நினைத்தால் தன் பத்திரிகையிலேயே போட்டு மறைக்குமா? நல்ல மறைப்பு!

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அதே கட்டுரையில் சி.பி.டி என்ற இன்னொரு பொருளையும் சோதித்தார்கள். அது எலிகளின் ஆயுளைக் கூட்டவில்லை. பெரியம்மா வாங்கிய பாட்டிலில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தது தெரியுமா? சி.பி.டி! எந்த ஆராய்ச்சியைக் காட்டி விற்கிறார்களோ, அந்த ஆராய்ச்சியில் தோற்றுப்போன சரக்கையே விற்கிறார்கள். இதைச் சொல்ல ஒரு வாட்ஸப் விஞ்ஞானிக்கும் வாய் வரவில்லை.

சரி, டி.எச்.சி என்றே வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் 60 கிலோ பெரியம்மாவுக்கு 6,000 மில்லிகிராம். எலிக்கும் மனுஷனுக்கும் உடம்பு வேலை செய்யும் வேகம் வேறு என்பதால் பன்னிரண்டால் வகுக்க வேண்டும் என்று பார்மகாலஜி சார் சொல்லித் தந்திருக்கிறார். வகுத்தாலும் சுமார் 500 மில்லிகிராம். அமெரிக்காவில் டாக்டர் சீட்டில் எழுதித் தருகிற டி.எச்.சி மாத்திரையான ட்ரோனாபினால் 2.5, 5, 10 மில்லிகிராம் அளவுகளில்தான் வருகிறது. ஆக, எலிக்குக் கிடைத்தது பெரியம்மாவுக்கும் கிடைக்க வேண்டுமானால் அதிலேயே பெரிய மாத்திரை ஒரு நாளைக்கு 50 முழுங்க வேண்டும். அப்புறம் பெரியம்மா எந்த உலகத்தில் இருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பாட்டில் கணக்கையும் பார்த்துவிடுவோம். 30 மில்லியில் 1,000 மில்லிகிராம் என்று லேபிள். தினமும் ஒரு மில்லி. அதாவது 33 மில்லிகிராம். வாய்வழி எடுக்கும் சி.பி.டியில் ரத்தத்தில் போய்ச் சேர்வது 6 சதவீதம் அளவுக்குத்தான். மிச்சத்தைக் கல்லீரல் வழியிலேயே பிடித்துவிடும். ஆக 2 மில்லிகிராம். அதுவும் லேபிள் உண்மை என்றால்! 2017ல் அமெரிக்காவில் ஆன்லைனில் விற்ற 84 சி.பி.டி பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். அதில் 26தான் லேபிளில் சொன்ன அளவோடு ஒத்துப்போயின. 18ல் டி.எச்.சி இருந்தது. கடுமையான சட்டம் இருக்கிற ஊரிலேயே இந்த லட்சணம்.

புருடா நம்பர் 2: "லேபில் கேன்சர் செல் செத்துவிட்டது, அப்புறம் என்ன?"

இது எங்கள் வகுப்பிலேயே சிலர் சொல்வது. படிக்கிற பிள்ளைகளே இப்படிச் சொன்னால் வயிற்றெரிச்சலாக இருக்காதா?

மச்சிகளா, நாம் எல்லோரும் லேபில் செல் வளர்த்திருக்கிறோம். பிளாஸ்டிக் தட்டில் இருக்கிற கேன்சர் செல்லைக் கொல்வது ஒரு விஷயமே இல்லை. பினாயில் ஊற்றினால் சாகும். வெந்நீர் ஊற்றினால் சாகும். இன்குபேட்டரை மூட மறந்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனாலே சாகும் (அனுபவம்!). கேள்வி அது இல்லை. ரத்தத்தில் கிடைக்கக்கூடிய அளவிலேயே, நல்ல செல்லை விட்டுவிட்டு, கெட்ட செல்லை மட்டும், உடம்புக்குள்ளே கொல்லுமா என்பதுதான் கேள்வி.

கஞ்சா விஷயத்தில் அறிவியல் உண்மையிலேயே சுவாரஸ்யமானது, மறுக்கவில்லை. 1964ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், கவோனி இருவரும் டி.எச்.சியைப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். 1988ல் மூளையில் அது போய் ஒட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். சி.பி1 என்று பெயர். 1993ல் சி.பி2. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. மூளையில் எதற்குக் கஞ்சாவுக்கென்று ஒரு பூட்டு? அப்படியென்றால் உடம்பே ஒரு சாவி தயாரிக்க வேண்டுமே? 1992ல் அந்தச் சாவி கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் நம்ம ஊர் வார்த்தையிலேயே பெயர் வைத்தார்கள்: ஆனந்தமைடு. ஆனந்தம்தான்!

2000ல் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் மனுவேல் குஸ்மானின் குழு மூளைக் கட்டி வைத்த எலிகளில் டி.எச்.சியைச் செலுத்தியபோது சில எலிகளில் கட்டி கரைந்தே போனது. டி.எச்.சி போய் ஒட்டியதும் செல்லுக்குள் செரமைடு என்ற கொழுப்புப் பொருள் சேர்கிறது, செல் நெருக்கடிக்கு ஆளாகிறது, தன்னைத்தானே தின்று செத்துப்போகிறது என்று பிறகு விளக்கினார்கள். 2007ல் சான்பிரான்சிஸ்கோவில் சி.பி.டி மார்பகப் புற்று செல்களில் ஐ.டி-1 என்ற மரபணுவை அடக்குவதைப் பார்த்தார்கள். செல் பரவுவதற்கு உதவுகிற மரபணு அது. இதெல்லாம் நிஜம். பொய் இல்லை.

ஆனால் கதையின் மறுபாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. 2004ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அதே டி.எச்.சியை மிகக் குறைந்த அளவில் மூளை, நுரையீரல் புற்று செல்களில் விட்டபோது செல்கள் சாகவில்லை, வேகமாகப் பெருகின! தட்டில் நிறைய ஊற்றினால் சாகிறது, ரத்தத்தில் கிடைக்கிற மாதிரி கொஞ்சமாக விட்டால் வளர்கிறது. இது போதாதென்று, 1975 ஆராய்ச்சி நடந்த அதே வர்ஜீனியாவில், 2005ல் நாகர்கட்டி தம்பதியின் குழு மார்பகப் புற்று வைத்த எலிகளுக்கு டி.எச்.சி கொடுத்தது. கட்டி பெரிதானது, பரவலும் கூடியது. உடம்பின் எதிர்ப்புப் படையை டி.எச்.சி தூங்க வைத்துவிட்டது என்பது அவர்கள் முடிவு.

மார்பகப் புற்று. பெரியம்மாவுக்கு இருக்கிற அதே வகை நோய். எலி ஆராய்ச்சியைக் காட்டி எண்ணெய் விற்றவரே, இந்த எலியை ஏன் காட்டவில்லை? உங்கள் எலி மட்டும்தான் எலியா?

இந்த எலியை வைத்து "கஞ்சா கேன்சரை வளர்க்கும்" என்று நானும் ஃபார்வர்டு அனுப்பலாம். அனுப்பமாட்டேன். ஏனென்றால் அதுவும் எலிதான். எலியை வைத்து மனுஷனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதுதான் நான் சொல்வது, எந்தப் பக்கத்து எலியாக இருந்தாலும்.

அப்போ மனுஷனில் பார்த்தார்களா?

பார்த்தார்கள். கொஞ்சமாக. அதே குஸ்மான் 2006ல் முடிவுகளை வெளியிட்டார். எல்லாச் சிகிச்சையும் முடிந்து கட்டி திரும்பி வந்த ஒன்பது மூளைப் புற்றுநோயாளிகள். கட்டிக்குள்ளேயே குழாய் வைத்து டி.எச்.சி செலுத்தினார்கள். பாதுகாப்பாகச் செலுத்த முடிந்தது. ஆனால் அவர்கள் அதற்குப் பிறகு உயிர் வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு 24 வாரம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் மருந்து உதவியதா இல்லையா என்று சொல்லவே வழியில்லை.

2021ல் பிரிட்டனிலிருந்து அடுத்தது வந்தது. மூளைக் கட்டி திரும்பி வந்த 21 பேர். எல்லோருக்கும் டெமோசோலோமைடு என்ற கீமோ. அதோடு 12 பேருக்கு டி.எச்.சியும் சி.பி.டியும் கலந்த வாய் ஸ்பிரே, 9 பேருக்கு டம்மி ஸ்பிரே. ஒரு வருஷம் கழித்து ஸ்பிரே குழுவில் 83 சதவீதம் பேர் உயிரோடு, டம்மி குழுவில் 44 சதவீதம். பிரமாதம் இல்லையா? நானும் படித்தவுடன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கட்டி வளராமல் ஆறு மாதம் தாக்குப்பிடித்தவர்கள் இரண்டு குழுவிலும் ஒரே அளவு, 33 சதவீதம். 21 பேரில் இரண்டு பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறினாலே சதவீதம் எங்கேயோ போய்விடும். அதனால்தான் அந்த ஆராய்ச்சியாளர்களே பெரிய சோதனை வேண்டும் என்றார்கள். 234 பேரை வைத்து "அரிஸ்டோகிராட்" என்ற பெயரில் 2023ல் பிரிட்டனில் அது ஆரம்பித்தது.

கவனித்தீர்களா? அங்கே கூட கீமோவை நிறுத்தவில்லை. கீமோவோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். உலகத்தில் இந்த விஷயத்தை உண்மையாக ஆராய்கிற ஆள் கீமோவை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டில் விற்கிற ஆள்தான் சொல்கிறார்.

2024ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலில் சொன்னதும் இதுதான். முறையான சோதனைக்கு வெளியே, கஞ்சாப் பொருட்களைப் புற்றுநோயை அழிக்கும் மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு கணக்கையும் அண்ணனுக்குக் காட்டினேன். 2018ல் வெளிவந்த யேல் பல்கலைக்கழக ஆய்வு. முறையான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்த 281 பேரை, சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். சாகும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் பார்த்தால் ஐந்தரை மடங்குக்கும் மேல். அண்ணன் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அம்மா வாந்தி எடுப்பதைப் பார்க்க முடியாமல் செய்த காரியம் அது. அந்தப் பாசத்துக்கு விலை 4,500 ரூபாய் என்று போட்டவனைத்தான் திட்ட வேண்டும்.

புருடா நம்பர் 3: "மருந்து கம்பெனிகளின் சதி"

இயற்கைச் செடிக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் கம்பெனிகள் அமுக்குகின்றன என்கிறார்கள். ஐயா, 1985லேயே ட்ரோனாபினாலும் நபிலோனும் கீமோ வாந்திக்கு அமெரிக்காவில் அனுமதி வாங்கிவிட்டன. 2018ல் கஞ்சாச் செடியிலிருந்தே எடுத்த சி.பி.டி மருந்து குழந்தைகளின் கடுமையான வலிப்புக்கு அனுமதி பெற்றது. அதைத் தயாரித்த பிரிட்டிஷ் கம்பெனியை 2021ல் இன்னொரு கம்பெனி சுமார் 720 கோடி டாலருக்கு வாங்கியது. 720 கோடி டாலர்! அமுக்க நினைப்பவன் இவ்வளவு பணமா கொட்டுவான்? கஞ்சாவில் கேன்சர் மருந்து இருந்தால் விற்றுச் சம்பாதிக்கத்தான் அவர்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் பேராசையை நம்புங்கள் என்கிறேன்.

செடி, இயற்கை என்றால் ஒதுக்குகிறார்கள் என்பதும் பொய். நம் வீட்டு வாசலில், கோயிலில், சுடுகாட்டு ஓரத்தில் பூக்கிற நித்யகல்யாணியைப் பாருங்கள். சுடுகாட்டு மல்லி என்றுகூட பெயர் வைத்திருக்கிறோம். 1950களில் கனடாவில் நோபிளும் பீரும் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று அதன் இலைச்சாற்றை எலிக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அங்கிருந்து வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் வந்தன. 1963ல் வின்கிறிஸ்டின் அனுமதி பெற்றது. ரத்தப் புற்று வந்த குழந்தைகளில் பெரும்பாலோரை இன்று காப்பாற்ற முடிகிறதென்றால் அந்த மருந்துக் கூட்டணியில் சுடுகாட்டு மல்லிக்கும் பங்கு உண்டு. நம்ம தென்மாவட்டங்களில் இதைப் பயிர் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆனால் யாராவது நித்யகல்யாணி இலையைக் கஷாயம் போட்டுக் குடித்தா ரத்தப் புற்று குணமானது? டன் கணக்கில் இலையைக் காய்ச்சி, சில கிராம் மருந்தைப் பிரித்து, எலி, அப்புறம் மனிதர், எவ்வளவு கொடுத்தால் நரம்பு பாதிக்கும், எவ்வளவு கொடுத்தால் பிழைப்பார் என்று வருஷக்கணக்கில் அளந்து அப்புறம்தான் மருந்தானது. செடிக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பாதைக்குப் பெயர்தான் அறிவியல். எண்ணெய் வியாபாரி அந்தப் பாதையை வெட்டிவிட்டு நேராகப் பெரியம்மா வாய்க்கு வந்துவிட்டார்.

இப்போ அடுத்த கோஷ்டி

"கஞ்சாவா? சீ! அதில் ஆராய்ச்சி வேறயா?" என்று கேட்கிற நல்லவர்களே, உங்களிடம் வருகிறேன்.

உலகத்துக்குக் கஞ்சாவை நவீன மருத்துவமாக அறிமுகப்படுத்தியதே இந்தியாவிலிருந்துதான். 1839ல் கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற ஐரிஷ் டாக்டர் மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, நடந்ததையெல்லாம் எழுதி வைத்தார். 1893-94ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு கமிஷனே போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து மூவாயிரம் பக்கத்துக்கு மேல் அறிக்கை எழுதியது. ஆயுர்வேதத்தில் இதற்கு விஜயா என்று மரியாதையான பெயர். இவ்வளவு சரித்திரம் இருக்கிற நாட்டில் புற்றுநோயாளிகளை வைத்து ஒரு பெரிய, ஒழுங்கான சோதனையை நாம் நடத்திக் காட்டியிருக்க வேண்டாமா?

சட்டம் தடுக்கிறது என்பார்கள். 1985ம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்தின் 8வது பிரிவே மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் விதிவிலக்கு தருகிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையத்தில் கஞ்சாவை மிக ஆபத்தான நாலாவது பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடந்தபோது இந்தியா ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டது. ஜம்முவில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் கனடா கம்பெனி ஒன்றோடு சேர்ந்து, பாதுகாப்புப் போட்ட தோட்டத்தில் கஞ்சா வளர்த்து, வலிப்பு, நரம்பு வலி, புற்றுநோயாளிகளுக்கான மருந்து தயாரிக்க முயல்வதாக 2023ல் மத்திய அமைச்சரே போய்ப் பார்த்துச் சொன்னார். ஆக கதவு பூட்டியில்லை. தள்ளத்தான் ஆள் குறைவு.

நம்மால் சோதனை நடத்த முடியாது என்பதும் சரியில்லை. கீமோ வாந்திக்கு ஓலன்சபின் என்று ஒரு மலிவான மாத்திரை இருக்கிறது. 10 மில்லிகிராம் போட்டால் ஆளைத் தூக்கத்தில் அடித்துப் போட்டுவிடும். மும்பை டாடா மெமோரியல் டாக்டர்கள் 2.5 மில்லிகிராமே போதுமா என்று நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்து, போதும், தூக்கமும் குறைவு என்று 2024ல் உலகத்துக்கே காட்டினார்கள். கஞ்சாவுக்கும் இதே மாதிரி செய்தால் என்ன? ஆஸ்திரேலியாவில் செய்தார்கள். மற்ற மருந்துக்கு அடங்காத வாந்தி உள்ள 147 பேர். டி.எச்.சி, சி.பி.டி கலந்த மாத்திரையில் 24 சதவீதம் பேருக்கு முழு நிவாரணம், டம்மி மாத்திரையில் 8 சதவீதம். கஞ்சா புற்றுநோயாளிக்கு உதவும் என்று இன்று தைரியமாகச் சொல்லக்கூடிய இடம் இந்த வாந்திதான். பெரியம்மாவின் பிரச்சினையும் வாந்திதான்! அவருக்குத் தேவைப்பட்டது கேன்சரைக் கொல்லும் மாய எண்ணெய் இல்லை. "டாக்டர், வாந்தி தாங்க முடியல, மாத்திரை மாத்திக் குடுங்க" என்று கேட்கிற தைரியமும், அதைக் காது கொடுத்துக் கேட்கிற இரண்டு நிமிஷமும்தான்.

அந்த இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை. கூட்டம். வரிசை. அடுத்த டோக்கன். அதே சமயம் எண்ணெய் விற்றவர் பத்து நிமிஷம் பேசினார், "அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்டார். போலி எங்கே நுழைகிறான் என்று தெரிகிறதா? நாம் காலியாக விட்ட இடத்தில்தான்.

தன் தங்கை புற்றுநோயில் துடித்துச் செத்ததைப் பார்த்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். 12 படுக்கையோடு ஆரம்பம். கேன்சர் என்றால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்ட காலம் அது. 1955ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். கூச்சலும் போடவில்லை, அற்புதமும் விற்கவில்லை. ஒவ்வொரு நோயாளியாக எண்ணி, எழுதி வைத்து, எது வேலை செய்கிறது என்று பார்த்து முன்னேறினார்கள். நமக்கு அந்த மரபு இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டா வாட்ஸப்பை நம்பி கீமோவை நிறுத்துவது?

எனவே என் கோரிக்கைகள், ரொம்பச் சின்னதுதான்:

ஒன்று, எலியில் நடந்ததை எழுதினால் தலைப்பிலேயே "எலியில்" என்று போடுங்கள். பத்திரிகைக்காரர்கள், யூடியூப் டாக்டர்கள், என் வகுப்புத் தோழர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

இரண்டு, கேன்சரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். எல்லை செக்போஸ்டில் பையை உதறுகிற வேகத்தில் கால்வாசி இந்த லிங்க்குகளைப் பிடிப்பதில் காட்டுங்கள்.

மூன்று, கஞ்சா என்ற பெயருக்காக ஆராய்ச்சியைத் தடுக்காதீர்கள். வாந்திக்கும் வலிக்கும் முதலில், கட்டிக்கு அப்புறம், நம்ம ஆஸ்பத்திரிகளில், நம்ம நோயாளிகளிடம், ஒழுங்கான சோதனை நடக்கட்டும். வேலை செய்தால் மருந்துச் சீட்டில் வரட்டும். செய்யாவிட்டால் அதையும் உரக்கச் சொல்லட்டும்.

நான்கு, உங்கள் வீட்டில் யாராவது இந்த எண்ணெயை எடுத்துக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். சி.பி.டி கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கிற நொதிகளைத் தடுக்கும். கீமோ மருந்தின் அளவே மாறிவிடலாம். மறைப்பதுதான் ஆபத்து.

பெரியம்மா மறுபடி கீமோ ஆரம்பித்துவிட்டார். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். வாந்தியைப் பற்றி நானே டாக்டரிடம் கேட்டேன். மாத்திரை மாற்றினார், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. திரும்பி வரும்போது திருத்தணி வரை வாந்தி இல்லை. ஆறு வாரம் போனதன் விலை என்ன என்று ஆபரேஷனுக்கு அப்புறம்தான் தெரியும்.

ரயிலில் பெரியம்மாவுக்கு எலிக் கதை முழுவதும் சொன்னேன். 1975 எலி, 2005 எலி, ஜெர்மனி செல், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்போ இன்னும் அவங்களுக்கே தெரியலன்னு சொல்லு. தெரியாததுக்கு எதுக்குப்பா நாலாயிரத்து ஐந்நூறு?"

நான் இரண்டாயிரம் வார்த்தையில் சொன்னதைப் பெரியம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார் :-)

பி.கு: மீதி இருந்த பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம், கொடுங்கள், எங்கள் லேபில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று கேட்டேன். அண்ணன் ஏற்கனவே சாக்கடையில் ஊற்றிவிட்டாராம். எலிகள் ஜாக்கிரதை.